வேறுபாடு மெய்யா, தற்செயலா?

சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கு அருகே இருக்கிறது திருக்கோஷ்டியூர். மாசி மாதத் தெப்பத் திருவிழாவின்போது அங்கே போயிருக்கிறீர்களா? தெப்பக்குளத்தின் கரையெங்கும் ஆயிரக்கணக்கான அகல் விளக்குகள் வரிசை வரிசையாக எரிந்துகொண்டிருக்கும். சற்று நேரம் நின்று கவனியுங்கள். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு அகல்களில் ஒன்று முன்னதாக அணைந்துவிடும். மற்றொன்று பிறகும் எரியும். எண்ணெய் ஒன்றுதான், அகலும் ஒரே குயவர் செய்ததுதான். ஆனாலும் ஒரு திரி சற்றுத் தடிப்பு. ஓர் அகல் சற்று ஆழம். ஒரு மூலையில் காற்று அதிகம். இயற்கையில் எந்த இரண்டும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. நல்லெண்ணெய், இலுப்பை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றில் எது அதிக நேரம் எரியும்? "மூன்று விளக்கு ஏற்றிப் பார்த்தால் போயிற்று" என்பீர்கள். அவ்வளவு எளிதன்று! ஒரே எண்ணெய் ஊற்றிய இரண்டு விளக்குகளே வேறுபடும்போது, எண்ணெயால் வந்த வேறுபாடு எது, தற்செயலாய் வந்த வேறுபாடு எது என்று பிரித்தறிவது எப்படி?

எளிமையாகத் தோன்றும் இக்கேள்விதான் காசநோய்க்கு மருந்து தேடிய மருத்துவர்களையும், வறட்சியைத் தாங்கும் நெல்லைத் தேடும் விஞ்ஞானிகளையும், நம் உடலின் ஆயிரக்கணக்கான புரதங்களை அளப்பவர்களையும் ஒருங்கே எதிர்கொண்டது. அவர்கள் கண்ட விடையை அகல் விளக்கின் வெளிச்சத்திலேயே பார்ப்போம்.

உள்ளே எவ்வளவு, இடையே எவ்வளவு?

ஒவ்வோர் எண்ணெய்க்கும் மூன்று அகல்கள் எடுத்துக்கொள்வோம். அவை எரிந்த நேரம் நிமிடக் கணக்கில் இவ்வாறு இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள்.

நல்லெண்ணெய்: 58, 60, 62 (சராசரி 60)
தேங்காய் எண்ணெய்: 61, 63, 65 (சராசரி 63)
இலுப்பை எண்ணெய்: 64, 66, 68 (சராசரி 66)

இலுப்பை எண்ணெய் முந்துகிறது. நம்பலாம் போலத்தான் இருக்கிறது. இனி இந்த எண்களைப் பாருங்கள்.

நல்லெண்ணெய்: 45, 60, 75 (சராசரி 60)
தேங்காய் எண்ணெய்: 48, 63, 78 (சராசரி 63)
இலுப்பை எண்ணெய்: 51, 66, 81 (சராசரி 66)

சராசரிகள் மாறவே இல்லை. ஆனால் இப்போது நம்பிக்கை போய்விட்டதல்லவா? ஒரே எண்ணெய் 45 நிமிடமும் எரிகிறது, 75 நிமிடமும் எரிகிறது என்றால், சராசரியில் உள்ள 6 நிமிட வேறுபாட்டுக்கு என்ன மதிப்பு?

ஆகவே குழுக்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் பார்த்தால் போதாது. குழுவுக்கு உள்ளே இருக்கும் சிதறலோடு அதை ஒப்பிட வேண்டும். இதை ஒரு கணக்கு முறையாக வகுத்துத் தந்தவர் ரொனால்டு ஃபிஷர் என்னும் ஆங்கிலேயர். 1919-இல் அவர் ராதம்ஸ்டெட் என்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பல உரங்களை இட்ட பல வயல்களின் விளைச்சலை ஒப்பிடும் வேலை அவருக்கு வாய்த்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'மாறுபாட்டுப் பகுப்பாய்வு' என்னும் முறை. இடைவேறுபாட்டை உள்வேறுபாட்டால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு, ஃபிஷரின் பெயரால், 'எஃப் விகிதம்' என்று பெயர்.

நம் முதல் பட்டியலில் இந்த விகிதம் 27-ஐ 4-ஆல் வகுக்க வரும் 6.75. இரண்டாவது பட்டியலில் 27-ஐ 225-ஆல் வகுக்க வரும் 0.12. மூன்று குழுக்கள், ஒவ்வொன்றிலும் மூன்று அகல்கள் என்னும்போது, இந்த விகிதம் 5.14-ஐத் தாண்ட வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. முதற்பட்டியல் தாண்டிவிட்டது, இரண்டாவது தோற்றது.

அந்த 5.14 எங்கிருந்து வந்தது? எண்ணெய்களுக்குள் உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தற்செயலின் விளையாட்டால் சில வேளைகளில் விகிதம் பெரிதாக வரும். அவ்வாறு 5.14-க்கு மேல் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். அந்த அளவு 'பொய் எச்சரிக்கை'யைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்ட வழக்கம். இந்த நூற்றுக்கு ஐந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் தொல்லை எல்லாம் அதனால்தான்!

இருபத்தொரு ஜோடிகள்

நான் முதுகலை மாணவனாக இருந்தபோது நடந்தது இது. ஏழு வெவ்வேறு வெப்பநிலைகளில் பதப்படுத்திய கம்பிகளின் மின்தடையை அளந்துகொண்டிருந்தேன். குழுக்களை இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு ஜோடியில் வேறுபாடு 'நூற்றுக்கு ஐந்து' எல்லையைத் தாண்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியரிடம் ஓடினேன்.

அவர் தாளைப் பார்க்கவேயில்லை. "தம்பி, மொத்தம் எத்தனை ஜோடி பார்த்தே?" என்று மட்டும் கேட்டார்.

"இருபத்தொண்ணு, சார்."

"இருபதுக்கு ஒண்ணு தற்செயலாவே வரும். இருபத்தொண்ணு பார்த்து ஒண்ணு வந்ததுல என்னப்பா அதிசயம்?"

அடுத்த வாரம் புதிய கம்பிகளை எடுத்து மறுபடி அளந்தேன். அந்த வேறுபாடு இருந்த இடம் தெரியவில்லை. அன்று அவர் கேட்ட கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். மூன்று குழுக்கள் என்றால் ஜோடிகள் 3. நான்கு என்றால் 6. ஐந்து என்றால் 10. ஏழு என்றால் 21. ஒவ்வொரு சோதனையிலும் பொய் எச்சரிக்கை வராமல் தப்பும் வாய்ப்பு 0.95. ஒன்றையொன்று சாராத 10 சோதனைகளிலும் தப்பும் வாய்ப்பு 0.95-ஐப் பத்து முறை பெருக்கினால் வரும். அது ஏறத்தாழ 0.60. அதாவது ஒரு பொய்யாவது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 40! இருபது சோதனைகளுக்கு அது நூற்றுக்கு 64. ஜோடிகள் ஒன்றையொன்று ஓரளவு சார்ந்திருப்பதால் உண்மையான எண் சற்று மாறும். ஆயினும் ஆபத்து மாறாது.

இதை உங்கள் வகுப்பிலேயே சோதிக்கலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டட்டும். பத்தில் எட்டு முறையோ அதற்கு மேலோ தலை விழுந்தவர்கள் கையைத் தூக்கட்டும். இதற்கான வாய்ப்பு 1024-க்கு 56. ஏறத்தாழ பதினெட்டுப் பேருக்கு ஒருவர். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு கைகள் உயர்வதை எதிர்பார்க்கலாம். அந்த இருவரிடமும் மந்திரம் ஏதுமில்லை. அவர்கள் நாணயத்திலும் கோளாறு இல்லை. நாற்பது பேர் சுண்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் மற்ற 38 பேரை மறைத்துவிட்டு, "இதோ பாருங்கள், தலையே விழும் நாணயம்!" என்று அந்த இரண்டை மட்டும் காட்டினால் ஊர் நம்பிவிடாதா?

அளவுகோலை உயர்த்துவோம்

இதற்குப் பரிகாரம் என்ன? கேள்விகள் பெருகப் பெருக, அளவுகோலையும் கடுமையாக்க வேண்டும்.

மிக எளிய வழி, எல்லையைக் கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவது. 10 ஜோடிகள் என்றால் 0.05-ஐப் பத்தால் வகுத்து 0.005 என்று வைத்துக்கொள்வது. இத்தாலியக் கணித அறிஞர் பான்ஃபெரோனியின் பெயரால் இது வழங்குகிறது.

எல்லா ஜோடிகளையும் பார்ப்பதற்கென்றே அமெரிக்கரான ஜான் டூக்கி ஓர் அளவுகோல் செய்தார். நம் முதல் அகல் பட்டியலுக்கே அதைப் போட்டுப் பார்ப்போம். முன்கூட்டியே தீர்மானித்த ஒரே ஒரு ஜோடியை மட்டும் பார்ப்பதானால், சராசரிகளுக்கிடையே 4 நிமிட வேறுபாடு போதும். மூன்று ஜோடிகளையும் பார்ப்பதானால் டூக்கியின் அளவுகோல் 5 நிமிடத்துக்குச் சற்று மேல் கேட்கிறது. இலுப்பை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் வேறுபாடு 6, தேறிவிட்டது. மற்ற இரண்டு ஜோடிகளிலும் 3 தான்; தேறவில்லை. ஆகவே "இலுப்பை எண்ணெய் நல்லெண்ணெயைவிட அதிக நேரம் எரிந்தது, தேங்காய் எண்ணெயைப் பற்றி இந்தச் சோதனையால் சொல்ல முடியவில்லை" என்பதே நேர்மையான முடிவு.

சில சமயம் எல்லா ஜோடிகளும் நமக்குத் தேவைப்படா. ஆறு புதிய மருந்துகளைப் பழைய மருந்து ஒன்றோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்றால் 21 கேள்விகள் எதற்கு? ஆறு போதுமே. குறைவாகக் கேட்பவருக்கு அளவுகோலில் சற்றுச் சலுகை உண்டு. இதற்கான முறையை 1955-இல் சார்லஸ் டன்னெட் தந்தார்.

இத்துறையில் நம் நாட்டவர் பங்கும் உண்டு. மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய எஸ். என். ராய், ஆர். சி. போஸ் ஆகிய இருவரும் பின்னர் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். பல ஒப்பீடுகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் எல்லைகளை வகுப்பது எப்படி என்று இருவரும் சேர்ந்து 1953-இல் எழுதிய கட்டுரை இத்துறையின் அடிப்படைகளுள் ஒன்று.

சென்னையில் நடந்த நான்கு குழுச் சோதனை

பல குழு ஒப்பீடு தமிழ்நாட்டில் உயிர்காக்கும் வேலை செய்த கதை ஒன்றைக் கேளுங்கள். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தின் தொடக்கம் அதுதான். அக்காலத்தில் ஐசோனியாசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பாஸ் மருந்தை அதிக அளவில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும், விலையும் அதிகம். ஐசோனியாசிட் மலிவு, உட்கொள்வதும் எளிது. அதை மட்டும் கொடுத்தால் போதாதா? ஏழை நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்த நாட்டில் இது பெரிய கேள்வி அல்லவா?

மருத்துவர்கள் நோயாளிகளை, சீட்டுக் குலுக்குவதுபோல, நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு இரு மருந்துகளும். இரண்டாவது குழுவுக்கு அதிக அளவு ஐசோனியாசிட், ஒரே வேளையில். மூன்றாவது குழுவுக்கு அதே அளவு, இரு வேளைகளாகப் பிரித்து. நான்காவது குழுவுக்குக் குறைந்த அளவு. சிகிச்சை ஓராண்டு நடந்தது. முடிவுகள் 1960-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின.

இரு மருந்துச் சிகிச்சையே சிறந்தது என்று தெரிந்தது. ஐசோனியாசிட் மட்டும் பெற்ற குழுக்களில், அதிக அளவை ஒரே வேளையில் உண்டவர்கள், அதையே இரண்டாகப் பிரித்து உண்டவர்களைவிட மேலாக இருந்தார்கள். மருந்து இரத்தத்தில் ஒரு முறை உச்ச அளவை எட்டுவது முக்கியமோ என்ற எண்ணம் இதிலிருந்து எழுந்தது. கண்காணிப்பின் கீழ் வாரத்துக்கு இருமுறை மருந்து கொடுக்கும் சிகிச்சை முறைக்கு இதுவும் வழிகாட்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நான்கு குழுக்கள் என்பதால் ஆறு ஜோடிகள். ஆனால் இந்த நான்கும் மனம்போன போக்கில் அமைந்தவை அல்ல. பாஸ் தேவையா, வேளையைப் பிரிக்கலாமா, அளவைக் குறைக்கலாமா என்று ஒவ்வொரு குழுவுக்குப் பின்னாலும் முன்கூட்டியே ஒரு கேள்வி இருந்தது. முதலில் வலையை வீசிவிட்டு, விழுந்த மீனுக்குப் பிறகு பெயர் வைக்கும் வேலையன்று அது.

ஆயிரம் புரதங்கள், ஆறாயிரம் கேள்விகள்

இதுவரை ஒரே ஓர் அளவைப் பற்றிப் பேசினோம். இனிப் புரதங்களுக்கு வருவோம்.

கம்பளிப்புழுவுக்கும் அதிலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஜீன்கள் ஒன்றே. ஆயினும் ஒன்று ஊர்கிறது, மற்றொன்று பறக்கிறது. எந்த ஜீன் எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதே வேறுபாடு. ஜீன்கள் சமையல் குறிப்புகள் என்றால் புரதங்கள் இலையில் விழும் பண்டங்கள். மனிதருக்கு ஏறக்குறைய இருபதாயிரம் ஜீன்கள் புரதக் குறிப்புகளைத் தாங்கியுள்ளன. நோயுற்றபோதும், நீரின்றி வாடும்போதும் எந்தப் புரதம் கூடுகிறது, எது குறைகிறது என்று அறிந்தால் நோயின் மர்மமும் வறட்சியின் மர்மமும் விளங்கும்.

அளப்பதற்குப் பௌதிகம் கைகொடுத்தது. 1975-இல் பாட்ரிக் ஓஃபாரல் என்பவர், ஜெல் என்னும் கூழ்ப் படலத்தில் மின்புலத்தைக் கொண்டு புரதங்களை ஒரு திசையில் மின்னேற்ற இயல்பின்படியும், மறு திசையில் எடையின்படியும் பிரித்தார். ஒரே படலத்தில் ஆயிரம் புள்ளிகள்! பின்னர் நிறைநிரல்மானி வந்தது. மின்னேற்றம் பெற்ற துகள்களை மின்புலத்தில் ஓடவிட்டு நிறையைக் காணும் கருவி இது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளையும் இதில் அளக்க வழி செய்த ஜான் ஃபென், கோயிச்சி தனாகா இருவரும் 2002-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

அதே 2002-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், இரண்டு நெல் இரகங்களை வாடவிட்டும், மறுபடி நீர் ஊற்றியும், இலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை அளந்தனர். வறட்சியால் 42 புரதங்களின் அளவு மாறியது என்று அறிவித்தனர். வானம் பார்த்த பூமியான நம் சிவகங்கைச் சீமைக்கு இத்தகைய ஆராய்ச்சி எவ்வளவு வேண்டியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் புரதங்கள், எதிலும் மாற்றமே இல்லை என்றாலும், நூற்றுக்கு ஐந்து எல்லையில் 50 புரதங்கள் 'மாறியதாக'த் தோன்றும்! நான்கு குழுக்களை ஜோடி ஜோடியாகப் பார்த்தால் 6,000 கேள்விகள். 300 பொய் எச்சரிக்கைகள். ஆகவே எத்தனை புரதங்கள் மாறின என்று கேட்டவுடன், எத்தனை புரதங்களைப் பார்த்தார்கள், என்ன எல்லை வைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். தற்செயலால் முளைத்த ஒரு புரதத்தை நம்பி ஒரு விஞ்ஞானி தம் வாழ்வின் பல ஆண்டுகளைச் செலவிட்டால் அந்த இழப்பை யார் ஈடு செய்வது?

இந்த ஆபத்தை வேடிக்கையாகக் காட்டினார்கள் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர். 2009-இல் அவர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றை மூளைப் படம் எடுக்கும் கருவியில் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, "இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள்! மூளையின் பல்லாயிரம் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதித்தபோது, சில இடங்களில் மீன் 'சிந்திப்பதாக' முடிவு வந்தது. பல ஒப்பீடுகளுக்கான திருத்தத்தைச் செய்ததும் அந்தச் சிந்தனை மறைந்துவிட்டது.

குரைக்கும் நாயும் குரைக்காத நாயும்

அப்படியானால் எல்லையை ஆயிரத்தால் வகுத்து 0.00005 என்று வைத்துவிடலாமே? வைக்கலாம். ஆனால் அதில் வேறோர் ஆபத்து. இலை அசைந்தாலும் குரைக்கும் நாயால் தூக்கம் கெடும். அதற்காக வாயைக் கட்டிவிட்டால் திருடன் வரும்போதும் நாய் சும்மா இருக்கும். மிகக் கடுமையான எல்லை, மெய்யான மாற்றங்களையும் விழுங்கிவிடும்.

நடுவழி ஒன்றை 1995-இல் இஸ்ரேலைச் சேர்ந்த பெஞ்சமினி, ஹோஃக்பெர்க் என்னும் இருவர் காட்டினர். "ஒரு பொய்கூட வரக்கூடாது" என்று பிடிவாதம் பிடிக்காமல், "தேர்ந்தெடுத்த பட்டியலில் சராசரியாக நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பொய் இராமல் பார்த்துக்கொள்வோம்" என்றனர். நீங்களே செய்து பாருங்கள். பத்துப் புரதங்களின் 'தற்செயல் வாய்ப்பு'கள் ஏறுவரிசையில் இவை எனக் கொள்வோம்: 0.001, 0.004, 0.012, 0.018, 0.031, 0.048, 0.20, 0.37, 0.55, 0.83.

முதலாவதை 0.005 உடன் ஒப்பிடுங்கள். இரண்டாவதை 0.010 உடன், மூன்றாவதை 0.015 உடன், நான்காவதை 0.020 உடன் என்று ஒவ்வொரு படிக்கும் 0.005 கூட்டிக்கொண்டே போங்கள். தன் படியைத் தாண்டாத கடைசிப் புரதம் எதுவோ, அதுவரை உள்ள அனைத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நான்காவது 0.018, படி 0.020; சரி. ஐந்தாவது 0.031, படி 0.025, தவறியது. அதற்குப் பின் எதுவும் தேறவில்லை. ஆக, நான்கு புரதங்கள். திருத்தமே இல்லாமல் 0.05 என்று வைத்தால் ஆறு கிடைத்திருக்கும். பான்ஃபெரோனி முறையில் இரண்டுதான். நடுவழி என்று சொன்னது சரிதானே?

சூத்திரத்துக்கு முன்னால்

எந்தச் சூத்திரமும் தவறாக நடத்திய சோதனையைக் காப்பாற்றாது. ஓர் அகல் எரிவதை மூன்று கடிகாரங்களால் அளந்துவிட்டு, மூன்று அகல்கள் என்று கணக்கு எழுதக்கூடாது. அதுபோலவே, ஒரு செடியின் சாற்றை மூன்று முறை அளப்பது மூன்று செடிகளை அளப்பதாகாது. நல்லெண்ணெய் அகல்களை எல்லாம் காற்றடிக்கும் கரையிலும், இலுப்பை எண்ணெய் அகல்களைக் காற்றில்லாத கரையிலும் வைத்தால், நாம் ஒப்பிடுவது எண்ணெயையா, காற்றையா? வாடிய செடிகளைத் திங்களன்றும் நீர் பெற்ற செடிகளை வெள்ளியன்றும் கருவியில் இட்டால் அதே குழப்பம்தான். குலுக்கல் முறையில் கலந்து வைப்பதே வழி.

திருக்கோஷ்டியூரைப் பற்றி எல்லோரும் அறிந்த கதை ஒன்று உண்டு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்க இராமாநுசர் பதினெட்டு முறை நடந்து வந்தார் என்பர். பெற்றதும் கோயில் உச்சியில் ஏறி எல்லோருக்கும் அறிவித்தார் என்பர். பதினெட்டு முறை முயல்வது விஞ்ஞானிக்கும் அழகுதான். ஆனால் பதினேழு முறை கிடைக்காததை மறைத்து, பதினெட்டாம் முறை கிடைத்ததை மட்டும் சொன்னால் அது விஞ்ஞானம் ஆகாது. நாணயம் சுண்டிய பதினெட்டுப் பேரில் ஒருவரைப்போல அது தற்செயலாக இருக்கலாம். பதினெட்டையும் சேர்த்து, உச்சியில் ஏறி நின்று, எல்லோரும் கேட்கச் சொல்லவேண்டும்.

இனி நாளிதழில் "இந்தப் புரதம் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கிறது" என்ற செய்தியைப் படிக்கும்போது, என் பேராசிரியரின் கேள்வியை நீங்களும் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பார்த்தார்கள்? அதற்கு முன், வீட்டில் மூன்று எண்ணெய்களும் ஒன்பது அகல்களும் கிடைத்தால், பெரியவர் ஒருவர் துணையோடு நம் சோதனையைச் செய்து பாருங்கள். மேலே நான் கொடுத்தவை கற்பனை எண்கள். உங்கள் எண்கள்தாம் மெய்யான எண்கள்.